கீழ்த் தோட்டத்துச் செய்திகள்

எங்கள் கூனிமலைத் தோட்டத்தில் ஓர் அட்டை இங்கிலீஷ் பேசியது. பழைய துரை ஒருவரின் சப்பாத்துக்குள் குடியிருந்து, வருஷக்கணக்காக அவர் ரத்தத்தையே குடித்ததால் கிடைத்த படிப்பு அது. துரை சீமைக்குத் திரும்பிப் போன பிறகு, எங்கள் ஆட்களின் காலில் ஏற அது மறுத்துவிட்டது. பாவம் பார்த்து ஒன்றிரண்டு பேர் காலை நீட்டியும் பார்த்தார்கள். 'நோ, தேங்க்யூ' என்று சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்து செத்தது.

இதைத்தான் நான் முதல் வெள்ளிக்கிழமை மடுவத்துக் கரும்பலகையில் எழுதினேன். மேலே 'இன்றைய ஆன்மிகச் சிந்தனை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே, 'ஆகவே யார் ரத்தமானாலும் வித்தியாசம் பாராமல் ஏற்றுக்கொள்வதே பக்தி' என்று முடித்திருந்தேன்.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மலையிலிருந்து இறங்கும் பெண்கள் கூடையும் சாக்குமாகத் தராசுக்கு முன்னால் வரிசை நிற்பார்கள். நிற்கிற நேரத்தில் பார்ப்பதற்கு அங்கே அந்தக் கரும்பலகையைத் தவிர ஒன்றுமில்லை. இன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம் என்று முன்பு அதில் எழுதிப் போடுவார்கள். இப்போது அதை ஃபோனில் அனுப்பிவிடுகிறார்கள். சும்மா கிடந்த பலகையைக் கோயில் தலைவர் ஜெயகுமார் கேட்டு வாங்கினார். மண்சரிவுக்குப் பிறகு சனங்களின் மனசு கலங்கிக் கிடக்கிறது, வெள்ளிக்கு வெள்ளி நாலு நல்ல வார்த்தை எழுதிப் போட்டால் தேறும் என்பது அவர் எண்ணம். அதற்கு என்னைத் தேடி வந்தது மட்டும்தான் அவர் செய்த பிழை. தேயிலை ஆலை ஓடிய காலத்தில் பெட்டிகளுக்கு எழுத்தும் நம்பரும் போட்டவன் நான். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். எழுத்து அழகாக இருந்தால் எழுதியதும் உண்மையாக இருக்கும் என்று நினைக்கிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள்.

அட்டையைப் படித்துவிட்டு ஜெயகுமார் என் ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்தார்.

"தாத்தா, இதுல சாமி எங்க?"

"அட்டையப் படைச்சது யாருன்னு நெனைக்கிற?"

சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்தார். வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். வேலை எனக்கே நிரந்தரமாயிற்று.

மண்சரிவு என்றேன். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் கதைகட்ட ஒன்றுமில்லை. போன கார்த்திகை மழையில், காலை வேளையில், மேல் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் நின்ற மலை எழுந்து வந்து லயத்தின்மேல் உட்கார்ந்தது. ஆட்களை முதல்நாளே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இராசையா மட்டும் மாட்டை அவிழ்த்து வரத் திரும்பிப் போனார். மாடு வந்தது. இராசையா வரவில்லை. இராணுவம் மிஷின் கொண்டுவந்து தோண்டியது. தோண்டிய குழியில் சேறு வந்து நிறைந்துகொண்டே இருந்தது. மலை இன்னும் நகர்கிறது என்று சொல்லி ஒருநாள் மிஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இராசையாவின் பெண்சாதி மாரியாயி கருமாதி செய்ய விடவில்லை. கண்ணால் பார்க்காமல் எப்படிப் பொட்டை அழிப்பது என்று எல்லாரையும் கேட்டாள். குங்குமமும் தாலியுமாக, மாட்டையும் பிடித்துக்கொண்டு, கீழ் லயத்தில் காலியாகக் கிடந்த கடைசிக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தாள். அதே லயத்தின் இந்த முனையில்தான் நானும் இருந்தேன். பண்டாரவளையில் துணிக்கடையில் நிற்கும் மகள் ஜீவராணி, லீவு கிடைக்கிற போதெல்லாம் வந்து தாயைக் கூப்பிடுவாள். தாய் அவளுக்குப் பால்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

பலகையில் நான் அதற்குள் இரண்டு மூன்று சிந்தனைகள் எழுதியிருந்தேன். அப்புத்தளைப் பனியில் சட்டையைக் காயப்போட்ட மனிதர், பனி நகர்ந்து போனதால் சட்டையைத் தேடி வெல்லவாய வரைக்கும் இறங்கிப் போனது. தெமோதரையில் ரயில் வளைந்து சுற்றும்போது கடைசிப் பெட்டியில் நின்ற கார்ட், முன்னால் நின்ற டிரைவரிடம் நெருப்புப்பெட்டி வாங்கியது. ஆலை மூடியதும் வேலை போன ரோதைமுனி என்கிற ஆலைக் காவல்சாமி, சுருட்டுக்கு வழியில்லாமல் தோட்ட ஆபீசில் காவல்வேலை கேட்டுப் போனது. பெண்கள் வரிசையில் நின்று படித்துவிட்டு, கிழவனுக்குச் சாவு இல்லை என்று சிரித்தார்கள். மாரியாயி மட்டும் சிரிக்காமல் படிப்பாள். ஒருநாள் வெற்றுச் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, இம்புட்டு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. மலைக்கு அடியில என்ன இருக்கும்?"

மண் என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"மலைக்கு அடியிலயும் ஒரு தோட்டம் இருக்கு புள்ள," என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதையே எழுதினேன். மலைக்கு அடியில் இருக்கிற தோட்டத்தில் தேயிலைச் செடி தலைகீழாகத் தொங்கும். கொழுந்தெடுக்கக் குனிய வேண்டாம். அண்ணாந்து பார்த்துப் பறிக்கலாம். அங்கே அட்டை கிடையாது. தராசு உண்டு, ஆனால் அது எடையில் கழிப்பதில்லை. மேலே வேலை போன ரோதைமுனிக்கு அங்கேதான், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற வேலை கிடைத்திருக்கிறது.

பெண்கள் இதற்கும் சிரித்தார்கள். எங்கள் பேரையும் அங்கே பதிந்துவிடுங்கள் என்று ஒருத்தி சொன்னாள். மாரியாயி பலகைக்கு முன்னால் நகராமல் நின்றாள். பின்னால் நின்றவள் கூடையால் இடித்தும் நகரவில்லை.

"அங்க புதுசா யாரும் பேர் பதிஞ்சிருக்காங்களா மாமா?" என்றாள்.

"விசாரிச்சு எழுதுறேன்," என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த வாரம், மாடு தேடி வந்த ஒருவர் புதிதாகப் பேர் பதிந்திருக்கிறார் என்று எழுதினேன். அதற்கடுத்த வாரம் அவருக்கு மண்வெட்டி கொடுத்திருந்தார்கள். இடுப்பு வலி இல்லை, வெற்றிலை கிடைக்கிறது, மழை கேட்கிறதே தவிர நனைவதில்லை. மாரியாயி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படித்தாள். மாட்டுக்கு உரத்த குரலில் அதைச் சொல்வதும் எனக்குக் கேட்கும்.

வாயால் பொய் சொல்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கேட்டவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். எழுதுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. வாசித்தவள் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து நிற்கிறாள். போன வாரம் சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறது. போன வாரத்தை விட ஒரு படி கீழே இறங்கிச் சொன்னால்தான் அவளுக்குப் போதும். சரக்கு தீர்ந்துவிட்டது. பொய்க்கும் சரக்கு வேண்டும். அதனால் வியாழக்கிழமைகளில் மண்சரிவு விழுந்த இடத்துக்குப் போய் உட்காரத் தொடங்கினேன்.

முதலில் போனபோது வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, என்ன எழுதலாம் என்று கணக்குப் போட்டேன். சேற்றில் ஒரு சில்வர் டம்ளர் பாதி தெரிந்தது. சாய்ந்து கிடந்த எலுமிச்சை மரம் ஒன்று, சாய்ந்தபடியே காய்த்திருந்தது. இரண்டையும் கீழ்த் தோட்டத்தில் சேர்த்தேன். பிறகு போகப் போகக் கணக்குப் போடுவது குறைந்தது. வெற்றிலை போடுவதை நிறுத்தினேன். மெல்லுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் பார்க்கிறேன், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்போது கழற்றினேன் என்று தெரியாது. மாரியம்மன் கோயிலுக்குள்ளேயே செருப்போடு போய் ஜெயகுமாரின் அப்பாவிடம் அடி வாங்கியவன் நான்.

அங்கே உட்கார்ந்தால் மண்ணுக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். ஆள் பேசுவது போல இருக்காது. அப்படி இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அது தண்ணீர்ச் சத்தம்தான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் எதையும் கட்டவில்லை. எழுபது வருஷத்தில் என் தலைக்குள் கதை ஓடாமல் இருந்த நேரம் அதுதான்.

இதற்குள் மற்றப் பெண்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். முதலில் கேலியாக, பிறகு குரலைத் தாழ்த்தி. என் அப்பன் அங்கே இருக்கிறாரா, குடிக்காமல் இருக்கிறாரா என்று ஒருத்தி. பாம்பு கடித்துச் செத்த தங்கச்சியைப் பற்றி ஒருத்தி. எதுவும் கேட்காமல், தன் முறை வந்தும் தராசுக்குப் போகாமல், பலகையையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணும் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு லொறியில் போகிற வழியில் அவள் பிள்ளை இறந்து பிறந்தது எல்லாருக்கும் தெரியும். கீழ்த் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா உண்டு என்றும், அங்கே பேர் வைக்காமல் வந்த பிள்ளைகளை ஆயாமார் மடியைவிட்டு இறக்குவதே இல்லை என்றும் அந்த வாரம் எழுதினேன். எழுதி முடித்த பிறகு சாக்குக்கட்டியைக் கீழே வைக்க முடியவில்லை. அந்தப் பெண் படித்தாள். சேலை முந்தானையால் பலகையின் ஓரத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். பிறகு போய்க் கொழுந்தை நிறுத்தாள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று ஜெயகுமார் அந்த நாட்களில் ஒருமுறை கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் வியாழக்கிழமை மழை பெய்தால் மனசு தவித்தது.

புரட்டாசியில்தான் நான் அதை எழுதினேன். இராசையாவைக் கான் என்கிற வடிகால் வெட்டுகிற ஆட்களுக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் போக அவர்கள் ஒரு கான் வெட்டுகிறார்கள். கீழிருந்து மேல் நோக்கி வெட்டுகிறார்கள். தோட்டத்தில் கான் வெட்டாத மனிதர் இல்லை. மேலிருந்து கீழேதான் வெட்டுவோம். தலைகீழ்த் தோட்டத்தில் எல்லாம் தலைகீழ்தானே என்ற அளவில்தான் எழுதினேன். மாரியாயி படித்துவிட்டு, "வெட்டுற கான் எங்க வந்து தொறக்கும் மாமா?" என்று கேட்டாள். நல்ல இடமாகப் பார்த்துத் திறக்கும் என்று சொல்லி வைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. கொஞ்ச நாளிலேயே பீலியில் செந்தண்ணீர் விழத் தொடங்கியது. பீலி எங்கள் லயத்துக்குக் குடிதண்ணீர் தரும் குழாய், ஊற்றிலிருந்து வருவது, எந்த மழையிலும் கலங்காது. வியாழக்கிழமைகளில் காது கொடுத்துக் கேட்டுப் பழகியவனுக்கு அது என்ன என்று தெரிந்தது. மண்ணுக்குள் ஓடிய சத்தம் இடம் மாறியிருந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் போனேன். கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. நீளமாக, கை நுழைகிற அகலத்தில் ஒரு வெடிப்பு.

அதன் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. வாழையிலைத் துண்டில் சோறும் கருவாடும் இருந்தது. மாரியாயி கால்களை அகட்டி நின்று, மண்வெட்டியால் அந்த வெடிப்பை அகலப்படுத்திக்கொண்டிருந்தாள். அவள் வெட்ட வெட்ட மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கியது.

"என்ன புள்ள பண்ற?"

நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சிரிப்பை ஒரு வருஷமாக யாரும் பார்த்திருக்கவில்லை.

"அவரு கான் வெட்டிட்டு வந்துட்டாரு மாமா. இந்தப் பக்கமிருந்து நாமளும் வெட்டுனா வெரசா தொறக்கும்ல. நீங்களும் ஒரு கை புடிங்க."

மண்வெட்டியைப் பிடுங்கினேன். கொடுத்துவிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினாள். கிழவன் நான், என்னால் அவளை இழுக்க முடியவில்லை.

அன்று மாலைக்குள் அதிகாரிகள் சிவப்பு எச்சரிக்கை என்று சொல்லி ஒலிபெருக்கியோடு வந்துவிட்டார்கள். லயத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். பண்டாரவளைக் கடைக்காரர் நௌபர் நானா லொறி அனுப்பினார். சனங்கள் பாயும் சட்டிபானையுமாக ஏறினார்கள். ஜெயகுமாரும் இரண்டு பேரும் மாரியாயியைத் தூக்கி ஏற்றினார்கள். வளைவில் லொறி மெதுவானதும் குதித்துத் திரும்பி நடந்து வந்துவிட்டாள். ஜீவராணி பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்து, தாயின் காலைப் பிடித்து அழுதாள். மாரியாயி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒங்க அப்பா வந்து பாக்கையில வீடு பூட்டிக் கெடந்தா நல்லா இருக்குமாடி?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. மலையில் வேலை இல்லை. மடுவத்தில் தராசும் நானும்தான். மகள் தாயைப் பலகை படிக்கலாம் என்று சொல்லிக் கூட்டி வருவாள் என்று பேசி வைத்திருந்தோம். நான் தலைப்பை அழித்தேன். ஆன்மிகம் என்ற சொல் அன்றைக்கு வேண்டாம் என்று தோன்றியது. இப்படி எழுதினேன்: 'மலைக்கு அடியில் தோட்டம் இல்லை. முனி இல்லை. பிள்ளைக்காம்பரா இல்லை. இதுவரை எழுதியதெல்லாம் என் கற்பனை. அடியில் மண்தான் இருக்கிறது. அந்த மண் இறங்கப் போகிறது.' என் ஆயுளில் நான் எழுதிய முதல் உண்மை. எழுத்து என்னவோ வழக்கம் போல அழகாகத்தான் வந்திருந்தது.

மாரியாயி ஈரச்சேலையோடு வந்து படித்தாள். ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

"இந்த வாரந்தான் மாமா பொய் எழுதியிருக்கீங்க," என்றாள்.

கோபமே இல்லை அவளிடம். மகள் அழுது கேட்டதால் கிழவன் இப்படி எழுதிவிட்டான் என்று என்மேல் இரக்கப்பட்டாள். திரும்பி நடந்தாள்.

ஜீவராணி என் கையைப் பிடித்தாள். "தாத்தா, அப்பா வேற எடத்துல வந்து தொறக்குறாருன்னு எழுதுங்க. பள்ளிக்கூடத்துக்கிட்ட வாராருன்னு எழுதுங்க. அது போதும். அம்மா ஓடி வரும்."

எழுதியிருக்கலாம். சுலபமான பொய். என் கணக்கில் அது பொய்யே இல்லை, சில்லறை. ஓடி வருவாள், காத்திருப்பாள், அவர் வராமல் போனால் மறுபடியும் மலைக்கு ஏறுவாள். அது ஜீவராணிக்கும் தெரியும். ஆனால் அதற்காக நான் எழுதாமல் நிற்கவில்லை. கை போகவில்லை. இத்தனை வாரம் அந்த மனிதரைப் பற்றி எழுதி எழுதி, இராசையா எனக்கு ஆளாகிவிட்டிருந்தார். அவரைக் கூட்டிவந்து பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி ஏமாற்றச் சொன்னால் அவர் வரமாட்டார்.

பலகையைத் துடைத்தேன். மழை தகரத்தில் அடித்தது. வியாழக்கிழமைகளில் அந்தக் கல்லில் உட்காருவது போல, மடுவத்துச் சிமெந்துத் தரையில் செருப்பைக் கழற்றி விட்டு நின்றேன். என்ன எழுதப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. நான் கட்டிய பொய் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அட்டை எந்தச் சாராயத்தில் வந்தது, பனிச்சட்டை யார் வீட்டுக் கொடியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும். அன்றைக்கு எழுதியது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

'கான் முடிந்தது. இராசையா மண்வெட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டார். முனி பேரேட்டைப் பார்த்து, உங்கள் பேர் வெட்டியாகிவிட்டது, மேலேயும் இல்லை, இங்கேயும் இல்லை, இனிப் போகலாம் என்றது. போவதற்குத் தோட்டத்து வாசல் திறக்கவில்லை. வீட்டுக்காரி கையால் ஆற்றங்கரையில் ஓர் உருண்டை சோறு வைத்தால்தான் திறக்கும். ஒரு வருஷமாக யாரும் வைக்கவில்லை. அவர் வாசலில் நிற்கிறார். அங்கே கூரை இல்லை.'

ஜீவராணி ஓடிப்போய்த் தாயை மறுபடியும் அழைத்து வந்தாள். என்ன சொல்லி அழைத்தாள் என்று தெரியாது. மாரியாயி நின்று படித்தாள். நெடுநேரம் படித்தாள். கூரையில்லை என்ற இடத்துக்கு வரும்போது அவள் உதடு அசைவதை நின்று கவனித்தேன்.

"மழையிலயா நிக்கிறாரு?"

"மழையிலதான் புள்ள."

"எவ்வளவு நாளா?"

"வாசலுக்கு வந்ததுலருந்து."

"நான்தான் நிக்க வச்சிருக்கேனா மாமா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை.

அவள் போய்க் காம்பராவைப் பூட்டினாள். மாட்டை அவிழ்த்தாள். வெடிப்பின் ஓரத்தில் வைத்திருந்த இலையை எடுத்து, சோற்றைக் கோழிகளுக்குக் கொட்டினாள். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கருமாதியை மறுநாளே செய்தோம். ஆற்றங்கரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆறு பள்ளிக்கூட வேலி வரைக்கும் வந்திருந்தது. சாமான் எல்லாம் நௌபர் நானா கடையிலிருந்து கேட்காமலே வந்தது. நனைந்த விறகு புகைந்தது. சோற்றை உருட்டி வைத்து மாரியாயி கும்பிட்டாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். குங்குமம் அழிப்பதும் தாலி இறக்குவதும் எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. இறந்து பிறந்த பிள்ளையின் தாய்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த காலையில் மலை இறங்கியது. தூரத்தில் லொறி மண் கொட்டுவது போலத்தான் சத்தம். கீழ் லயம் போயிற்று. மடுவம் போயிற்று, தராசோடும் பலகையோடும். லயத்தில் ஓர் ஆள் கூட இல்லை. மேல் லயத்துக்கும் மேலிருந்தே பிடுங்கி வந்ததால், ஒரு வருஷத்துக்கு முன் விழுந்த மண்ணையும் மூடிக்கொண்டுதான் இறங்கியது. இராசையாவின் மேல் இப்போது இரண்டு மலை இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் வகுப்புகளில் படுத்துக்கொண்டோம். ஜெயகுமாரின் மீசை கூட வாடிவிட்டது. சனங்கள் சாப்பாட்டுக்கு வரிசை நின்றார்கள். கொழுந்துக்கு நின்ற அதே வரிசைதான், கூடை மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது. ஜெயகுமார் ஒரு சாக்குக்கட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, ஏதாவது எழுதுங்கள் என்றார். வகுப்புக் கரும்பலகையில் பாதி அழிந்த வாய்ப்பாடு இருந்தது. அதைத் துடைத்துவிட்டு நின்றேன். வரிசை முழுக்க என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் நன்றாகத் தெரிந்து செய்தேன். அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்று, அவள் தாலியை அறுத்தேன். அதற்குச் சிந்தனை என்று என்ன தலைப்புப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னால் மாரியாயி வந்து நின்றாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. கருமாதிக்குப் பிறகு என்னோடு அவள் பேசியிருக்கவில்லை.

"இனிமே எனக்கு அவரப் பத்தி எழுதாதீங்க மாமா," என்றாள். "அவரு செத்துட்டாரு. என் கழுத்துல கெடந்தத எறக்குனது நீங்கதான், அது எனக்குத் தெரியும்."

"தெரியும்னா ஏன் புள்ள அன்னைக்கு எறங்கி வந்த?"

"மழையில நிக்கிறாருன்னு எழுதுனீங்கள்ல. அது உண்மையா பொய்யான்னு நான் இதுவரைக்கும் யோசிக்கல. யோசிக்கவும் மாட்டேன்."

நான் சாக்குக்கட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

"வைக்காதீங்க," என்றாள். "எழுதுங்க. எனக்கு வேணாம். அவருக்கு எழுதுங்க. இங்க என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியாதுல்ல. யாரு சொல்லுவா?"

எவ்வளவோ வாசகர்களுக்கு எழுதியிருக்கிறேன். சிரிக்கிறவர்களுக்கு, அழுகிறவர்களுக்கு, தூசி துடைக்கிறவர்களுக்கு. இந்த வாசகரிடம் அட்டைக் கதை செல்லாது. அவர் மண்ணுக்கு உள்ளே இருந்து படிக்கிறார். பக்கத்தில் முனி நின்று எட்டிப் பார்க்கும். கூட்டியும் எழுத முடியாது, குறைத்தும் எழுத முடியாது. நான் செருப்பைத் தேடினேன். அது மலையோடு போயிருந்தது. ஏற்கெனவே வெறுங்காலோடுதான் நின்றேன்.

தலைப்புப் போடாமல் முதல் வரியை எழுதினேன்.

'இராசையாவுக்கு: மாடு நலம்.'